வெள்ளி நினைவு நாணயங்கள்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்திய அரசு வெளியிட்ட வெள்ளி நினைவு நாணயங்களைப் பற்றியே இங்கே அதிகம் பேசுகிறோம். அவற்றோடு பீரோ லாக்கரில் சேர்ந்து கிடக்கும் விக்டோரியா ரூபாய், தர்பார் பதக்கம், நகைக்கடை லட்சுமி காசு ஆகியவையும் இடையிடையே வரும். விலை கேட்பதற்கு முன்னால் எடை பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

என்னிடம் இருப்பது நாணயமா, வெறும் வெள்ளி வில்லையா?

முகமதிப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அசோகத் தூண் சிங்கம், நாட்டின் பெயர், ரூபாய் மதிப்பு மூன்றும் இருந்தால் அது அரசு நாணயம். ஒரு பக்கம் லட்சுமி, பிள்ளையார், மறுபக்கம் கடையின் அல்லது வங்கியின் முத்திரை, ‘999’, ‘10 கிராம்’ என்று இருந்தால் அது நாணயமே அல்ல. வழக்கில் ‘வெள்ளிக் காசு’ என்கிறோம், அவ்வளவுதான். அதற்கு வெள்ளி விலை மட்டுமே உண்டு. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் சேகரிப்பாளர்கள் கூடுதலாகத் தரமாட்டார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் திரும்பி வராது.

சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்களில் எவற்றில் வெள்ளி இருக்கிறது?

முதல் நினைவு நாணயம் 1964இல் நேரு மறைவை ஒட்டி வந்தது. அந்த ஒரு ரூபாய் நிக்கல். பளபளப்பைப் பார்த்து வெள்ளி என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளி வந்தது 1969இல், காந்தி நூற்றாண்டுக்கான 10 ரூபாயில். 15 கிராம் எடை, 34 மில்லிமீட்டர் விட்டம், 80 சதவீதம் வெள்ளி. அதாவது உள்ளே 12 கிராம் சுத்த வெள்ளி. 1970, 1971இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக வந்த 10 ரூபாய்களும் இதே எடை, இதே தரம்.

1972இல் சுதந்திர வெள்ளிவிழா 10 ரூபாய் வந்தபோது எடை சுமார் 22.5 கிராமுக்குக் கூடியது, வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. பெரியதாக இருப்பதால் இதில் வெள்ளி கூடுதல் என்று தோன்றும். கணக்குப் போட்டால் 11.25 கிராம்தான், சின்னக் காந்தி நாணயத்தைவிடக் குறைவு. 1973இல் 10 ரூபாயும், 30 கிராம் எடையுள்ள 20 ரூபாயும் இதே 50 சதவீதத்தில் வந்தன. 1974 முதல் 1979 வரை வந்த 50 ரூபாய்கள் ஏறத்தாழ 35 கிராம், பாதி வெள்ளி. 1980களிலிருந்து அந்த இடத்தை 100 ரூபாய் பிடித்துக்கொண்டது: 35 கிராம், 44 மில்லிமீட்டர், வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 சதவீதம். இந்த நான்கு உலோகக் கலவைதான் பல பத்தாண்டுகளாக வழக்கமாக இருந்துவந்தது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பில் வெளியான 75 ரூபாயும் இதே கலவைதான்.

விதிவிலக்குகள் உண்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எடை, விட்டம், உலோகம், விளிம்பைச் சுற்றியுள்ள சிறு வெட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். சந்தேகம் வந்தால் அந்த அறிவிக்கையே முடிவு. விற்பவர் ஒட்டிய சீட்டை நம்ப வேண்டாம்.

பெரிய 10 ரூபாய் ஒன்று இருக்கிறது. வெள்ளையாக, கனமாக இருக்கிறது. வெள்ளிதானே?

ஆண்டைப் பாருங்கள். அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 1974 முதல் வந்த 10 ரூபாய் நினைவு நாணயங்கள் செம்பு-நிக்கல். 39 மில்லிமீட்டர், 25 கிராம். 1973 நாணயமும் 1974 நாணயமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளவிலும் நிறத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 1973இல் பாதி வெள்ளி, 1974இல் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. தராசு உடனே சொல்லிவிடும்: 1972, 1973 வெள்ளி 10 ரூபாய் 22 கிராமைச் சுற்றி நிற்கும், செம்பு-நிக்கல் 25ஐத் தொடும். கனமானதுதான் மலிவானது என்பது இங்கே உள்ள வேடிக்கை.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கும் இதே கதை. 100 ரூபாய் வெள்ளி, 10 ரூபாய் செம்பு-நிக்கல், உருவம் ஒன்று. 1985 இந்திரா காந்தி வரிசையிலும் 100 ரூபாயில் மட்டுமே வெள்ளி.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய வெள்ளி நாணயங்கள் எவை?

காமராஜர் நூற்றாண்டு 100 ரூபாய் (2003), பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு 100 ரூபாய் (2009; அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து இதில் உண்டு), எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். நூற்றாண்டு 100 ரூபாய்கள், சென்னையில் 2024 ஆகஸ்ட் 18 அன்று வெளியிடப்பட்ட கலைஞர் 100 ரூபாய் (‘தமிழ் வெல்லும்’ என்ற எழுத்துடன்). இவை எல்லாம் 35 கிராம், பாதி வெள்ளி.

இவற்றுக்கு நடுவே தனியாக நிற்பது தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கான 1,000 ரூபாய். இதே 35 கிராம், 44 மில்லிமீட்டர்தான். ஆனால் வெள்ளி 80, செம்பு 20 சதவீதம். உள்ளே 28 கிராம் சுத்த வெள்ளி. 100 ரூபாயில் 17.5 கிராம்தான். முகமதிப்பும் ஆயிரம் ரூபாய். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி அடிக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு அதுவே.

காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர். படங்களோடு 5 ரூபாயும் வந்தது. அதில் வெள்ளி இல்லை. அதற்கு வெள்ளி முலாம் பூசி ‘அபூர்வ வெள்ளி 5 ரூபாய்’ என்று விற்பதைப் பார்க்கலாம். 44 மில்லிமீட்டர் வெள்ளி நாணயம் உள்ளங்கையை நிரப்பும். 5 ரூபாய் அதில் ஏறக்குறைய பாதி விட்டம்தான். குழம்ப வேண்டிய அவசியமே இல்லை.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமா?

போதாது, ஆனால் முதலில் செய்யுங்கள். ஒட்டினால் வெள்ளி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். 1964 நேரு ரூபாய், 1969 காந்தி ஒரு ரூபாய், பின்னால் புலி நிற்கும் 1947 ஜார்ஜ் ரூபாய் எல்லாம் நிக்கல், ஒட்டும். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று சொல்ல முடியாது. செம்பு-நிக்கல், ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை), ஈயம், பித்தளை எதுவும் ஒட்டாது.

வீட்டிலேயே நாணயத்தைக் கெடுக்காமல் வெள்ளி அளவைச் சோதிக்க முடியுமா?

முடியும். தண்ணீரில் அடர்த்தி பார்க்கும் முறைதான் எல்லாவற்றிலும் நம்பகமானது, செலவும் இல்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு வேண்டும். 0.1 கிராம் தராசு இதற்குப் பயன்படாது, ஏன் என்பது கீழே புரியும்.

முதலில் நாணயத்தை அப்படியே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய தையல் நூலில் நாணயத்தைக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். நூலை நீங்கள் மேலே பிடித்தபடி இருக்க வேண்டும். தராசு இப்போது ஒரு சின்ன எண்ணைக் காட்டும். அது நாணயத்தின் கன அளவு. முதல் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி.

35 கிராம் 100 ரூபாயைத் தொங்கவிட்டால் தராசில் 3.67 அளவில் வரவேண்டும், அடர்த்தி சுமார் 9.5. தஞ்சை 1,000 ரூபாய் என்றால் 3.45, அடர்த்தி 10.1. அதே எடைக்குச் செம்பு-நிக்கலில் செய்த போலி 3.91 காட்டும், ஜெர்மன் சில்வர் 4ஐ ஒட்டி வரும். 3.67க்கும் 3.91க்கும் இடையே கால் கிராம்கூட இல்லை, அதனால்தான் இரண்டு தசமத் தராசு கேட்டோம். 15 கிராம் காந்தி 10 ரூபாய்க்கு 1.48 வரவேண்டும்.

தவறு வருவது பெரும்பாலும் காற்றுக் குமிழால். நாணயத்தின் எழுத்துப் பள்ளங்களில் குமிழ் ஒட்டினால் கன அளவு கூடிக் காட்டும், நல்ல வெள்ளியும் போலி மாதிரித் தெரியும். நூலை ஒருமுறை மெதுவாக ஆட்டிக் குமிழை உதறுங்கள். நாணயம் டம்ளர் அடியைத் தொட்டுவிட்டால் எண் சட்டென்று பெரிதாகும். மூன்று முறை செய்து, ஒத்து வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கண்ணாடி போன்ற பரப்புள்ள ப்ரூஃப் நாணயத்துக்கு இந்தச் சோதனையே வேண்டாம். தண்ணீர்க் கறைகூடப் படிந்துவிடும்.

நகைக்கடை ‘டச்’ மெஷின், ஆசிட், உரைகல்: எது சரி?

டச் (வெள்ளியின் தூய்மைச் சதவீதம்) பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் நாணயத்துக்குச் சேதம் செய்யாது. ஆனால் அது மேல்பரப்பை மட்டுமே படிக்கும். தடிமனான வெள்ளி முலாம் பூசிய போலியில் 90க்கு மேல் காட்டிவிடும். பாதி வெள்ளியுள்ள 100 ரூபாய்க்கு 95 டச் காட்டினால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பழைய 50 சதவீத நாணயங்களில் மேல்தோல் கொஞ்சம் வெள்ளி கூடி இருப்பது இயல்பு. அடிப்பதற்கு முன் தகட்டை அமிலத்தில் வெளுப்பாக்கும்போது மேற்பரப்புச் செம்பு கரைந்துபோவதால் அப்படி. எனவே 50க்குப் பதில் 55, 60 வந்தால் பயப்பட வேண்டியதில்லை. அடர்த்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆசிட் துளி விடுவதும் உரைகல்லில் தேய்ப்பதும் நகைக்குச் சரி. நாணயத்தில் அந்தத் தழும்பு போகாது.

தேதிக்குக் கீழே சின்னப் புள்ளி, நட்சத்திரம் எல்லாம் எதற்கு?

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்ற அடையாளம். வைரக் கட்டம் என்றால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. மும்பை ப்ரூஃப் நாணயங்களில் வைரத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து இருக்கும். முன்பு ‘பி’, பம்பாய் மும்பையான பிறகு ‘எம்’. (சென்னைக்குக் குறி கிடையாது. தங்கசாலைத் தெருவின் பெயர் மட்டும் மிச்சம், அங்கிருந்த நாணயச்சாலை 1869இலேயே மூடப்பட்டது.)

இந்தப் புள்ளியால் விலை மாறுமா என்றால், சிலவற்றில் மாறும். காந்தி 10 ரூபாயில் அடிக்கப்பட்ட ஆண்டே இல்லை, 1869-1948 மட்டும் இருக்கும். அதன் கீழே வைரம் இருந்தால் பம்பாய், லட்சக்கணக்கில் அடித்தது. வைரம் இல்லாத கொல்கத்தா நாணயம் மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டது, தேடுகிறவர்களும் அதிகம். ஆனால் வைரத்தைச் சுரண்டிவிட்டு ‘கொல்கத்தா’ என்று விற்பதும் நடக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் அந்த இடத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள பரப்பைப் போலவே மினுக்கம் தொடர்ச்சியாக ஓட வேண்டும். சின்னக் குழியோ, ஒரே திசையில் கீறலோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

யுஎன்சி, ப்ரூஃப்: என்ன வித்தியாசம்?

யுஎன்சி என்பது புழக்கத்துக்கு வராத, சாதாரண முறையில் அடித்த நாணயம். ப்ரூஃப் என்பது மெருகேற்றிய தகட்டில், மெருகேற்றிய அச்சில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடித்தது. அதன் பின்னணி கண்ணாடி போல இருக்கும். உருவமும் எழுத்தும் பனி படிந்த மாதிரி வெளுத்து நிற்கும். அச்சடித்த தாளை நாணயத்தின் முன் பிடித்தால் ப்ரூஃப் பின்னணியில் எழுத்தைப் படித்துவிடலாம். யுஎன்சியில் மங்கலாகத்தான் தெரியும். துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கிய யுஎன்சியை ப்ரூஃப் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உருவமும் சேர்ந்தே மின்னும், பனி வெளுப்பு இருக்காது.

நாணயச்சாலை தந்த பெட்டி, சான்று அட்டை இரண்டும் இருக்கிறதா என்பதும் முக்கியம். பெட்டியை இழந்த ப்ரூஃபை வாங்குகிறவர் ஒவ்வொரு கீறலையும் எண்ணுவார்.

சரி, விலையை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு அடுக்காக. அடியில் வெள்ளி விலை, அதன் மேல் சேகரிப்பு விலை.

அடித்தளம் எளிது: எடை × வெள்ளி விகிதம் × அன்றைய கிராம் விலை. கணக்குக்காக ஒரு கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாய் நாணயத்தில் 1,750 ரூபாய்க்கு வெள்ளி, தஞ்சை நாணயத்தில் 2,800, காந்தி 10 ரூபாயில் 1,200, 1973இன் 20 ரூபாயில் 1,500. இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மேல் அடுக்குதான் சண்டை. அடித்த எண்ணிக்கை, தேடுகிறவர் எண்ணிக்கை, நிலை, பெட்டி ஆகிய நான்கும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. எண்ணிக்கை குறைவு என்றால் விலை கூடும் என்று நேர்கோடாக நினைக்க வேண்டாம். நூறு பேர் மட்டும் தேடும் துறைசார் விழா நாணயத்தைவிட, ஊரே தேடும் தலைவரின் நாணயம் அதிக எண்ணிக்கையில் இருந்தும் விலை போகும். வெளியீட்டு விழா முடிந்த முதல் சில மாதங்களில் விலை உச்சத்தில் இருக்கும். முன்பதிவு செய்தவர்களுக்கு நாணயம் வந்து சேர்ந்ததும் இறங்கும். நாணயச்சாலை பழைய வெளியீட்டை மறுபடி அடித்து முன்பதிவு திறந்தால் இன்னொரு முறை இறங்கும். ‘இனி கிடைக்கவே கிடைக்காது’ என்ற பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் மாட்டுவது அப்போதுதான்.

மேல் அடுக்குக்கான எண்ணை, விற்பனைத் தளத்தில் ஒருவர் கேட்கும் விலையிலிருந்து எடுக்காதீர்கள். கேட்கும் விலை யாரும் கொடுத்த விலை அல்ல. மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி, அதே வகை (யுஎன்சியா, ப்ரூஃபா), பெட்டியோடு விற்றதா என்று பார்த்து, மூன்று நான்கு முடிவுகளை எடுத்து நடுவில் நிறுத்துங்கள். ஏலத்தில் வாங்குபவர் கட்டணம் தனியாக இருக்கும், விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

நகைக்கடையில் கேட்டால் பாதி விலைகூடச் சொல்லவில்லையே, ஏன்?

அவர் உங்கள் நாணயத்தை நாணயமாகப் பார்க்கவில்லை, பழைய வெள்ளியாகப் பார்க்கிறார். அதிலும் 50 சதவீதக் கலவை என்றால் அவருக்குப் பிடிக்காது. நிக்கலும் துத்தநாகமும் கலந்த வெள்ளியைச் சுத்தம் செய்வது, செம்பு மட்டும் கலந்த வெள்ளியைவிடச் சிரமம். பட்டறைச் செலவு, கழிவு எல்லாம் உங்கள் கணக்கில்தான் விழும். தஞ்சை நாணயம், காந்தி 10 ரூபாய், விக்டோரியா ரூபாய் இவற்றுக்குக் கொஞ்சம் நல்ல விலை சொல்வார், ஏனென்றால் கலப்பு செம்புதான். மேலும், நாணயச் சட்டம் அரசு நாணயத்தை உருக்குவதைத் தடை செய்கிறது. விற்பது என்றால் நாணயம் வாங்குபவரிடம் விற்பதே முறை.

கறுத்துப் போயிருக்கிறது. சுத்தம் செய்து விற்றால் நல்ல விலை வருமா?

நேர்மாறாகத்தான் நடக்கும். திருநீறு, புளி, பல்பொடி, டூத்பேஸ்ட், இவற்றில் எதுவும் நாணயத்தின் பக்கத்தில் வரக்கூடாது. குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் திருநீறு நல்லதுதான், தட்டைத் தேய்த்தால் யாரும் விலை குறைப்பதில்லை. நாணயத்தின் மேல்பரப்பில் அச்சு அழுத்தத்தால் உண்டான நுண்ணிய வரிகள் உண்டு. வெளிச்சத்தில் நாணயத்தைச் சுழற்றினால் சக்கர ஆரம்போல மினுக்கம் ஓடுவது அந்த வரிகளால்தான். ஒருமுறை தேய்த்தால் அது போயிற்று, திரும்ப வராது. அனுபவமுள்ளவர் நாணயத்தைச் சாய்த்தவுடன் சொல்லிவிடுவார்.

கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு. சீராகப் படர்ந்த சாம்பல், நீலம், பொன்னிறப் படலத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்பியே வாங்குகிறார்கள். பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது வேறு: மலிவான பிவிசி உறைகள் சிதைந்து ஒட்டியது. அதைச் சுத்த அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து எடுத்தால் போகும். கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தூரமாகச் செய்யுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். பூஜையில் வைத்து ஒட்டிய சந்தனம், குங்குமமா? வெதுவெதுப்பான வடிகட்டிய நீரில் ஊறவைத்து, கரைவது கரையட்டும். மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

காசு மாலையிலிருந்து எடுத்தது. வளையம் பற்றவைத்த தடம் இருக்கிறது.

வெள்ளி விலைக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பற்றுத் தடத்தை அரம் போட்டு மறைத்தால் விளிம்பு வெட்டுகள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்துவிடும். 44 மில்லிமீட்டர் நாணயங்களில் 200 வெட்டுகள் இருப்பதால் இடைவெளி பளிச்சென்று தெரியும். தடத்தை வெளிப்படையாகச் சொல்லி விற்பதே நல்லது.

போலிகளை எப்படிப் பிடிப்பது?

எடை, விட்டம், அடர்த்தி மூன்றும் பொருந்தினால் பெரும்பாலும் முடிந்தது. அதற்கு மேல் லென்ஸில் பாருங்கள். வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைத் துளைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஓடும். தஞ்சை 1,000 ரூபாயின் நகல்களில் விமானத்தின் அடுக்குகளைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு தளமும் பிரிந்து தெரியும், நகலில் ஒன்றோடொன்று குழைந்திருக்கும். நகல் என்று சொல்லியே விற்பவர்களும் உண்டு. இரண்டாவது கை மாறும்போது ‘நகல்’ என்ற சொல் உதிர்ந்துவிடும்.

விக்டோரியா, ஜார்ஜ் ரூபாய்களும் தர்பார் பதக்கமும் இருக்கின்றன. அவை?

ராணி, ராஜா ரூபாய்கள் நினைவு நாணயம் அல்ல, அன்றாடப் புழக்கக் காசு. எடை ஒரு தோலா, 11.66 கிராம். 1939 வரை 91.67 சதவீதம் வெள்ளி, 1940 முதல் 1945 வரை 50 சதவீதம், அதன்பின் நிக்கல். 1939 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மட்டும் அரிது. அதனாலேயே அந்த ஆண்டின் போலிகளும் அதிகம்.

1911 தில்லி தர்பார் (ஐந்தாம் ஜார்ஜ் தில்லியில் நடத்திய அரசவை விழா) பதக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் சேர்ந்த முகம், பின்பக்கம் பாரசீக எழுத்து, கருநீல நாடாவில் இரண்டு சிவப்புக் கோடு. வெள்ளிதான். அதே நாடா, அதே முகங்களோடு சற்றுச் சிறிய பதக்கம் இருந்தால் அது முடிசூட்டு விழாவுடையது. பின்பக்கத்தில் 1911 ஜூன் 22 என்ற தேதி இருக்கும். 1947 சுதந்திரப் பதக்கம் வெள்ளி அல்ல, செம்பு-நிக்கல். ஆனால் விளிம்பில் படைவீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பெயரைத் தேய்த்து அழித்த பதக்கத்துக்கு மதிப்பு போய்விடும். நாடாவைக் கழற்றித் துவைக்கவும் வேண்டாம்.

‘பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில்’ என்று வரும் செய்திகள்?

வைஷ்ணோ தேவி படம் போட்ட 5, 10 ரூபாய்க்கு லட்சம் என்று சுற்றும் செய்தி பொய். அது புழக்கத்துக்கு வந்த நாணயம், வெள்ளியும் அல்ல. வழக்கமான வலை இது: படம் அனுப்பச் சொல்வார்கள், பெரிய தொகை சொல்வார்கள், பிறகு பதிவுக் கட்டணம், வரி என்று உங்களிடம் பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு கடிதமும் வரும். பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தான் எந்தக் கட்டணமும் கமிஷனும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. வாங்குகிறவர் பணம் தரவேண்டும், கேட்கக் கூடாது.

ராமர் பட்டாபிஷேகம் பொறித்து ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று எழுதிய காசு எந்த நாணயச்சாலையிலும் நாணயமாக அடிக்கப்படவில்லை. அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று அதைக் காட்டி நடக்கும் ‘ரைஸ் புல்லிங்’ மோசடி தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களுக்குப் பழைய பரிச்சயம்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பலாமா?

நூறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் முடியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள், தனியார் ஏற்றுமதி தடை. விக்டோரியா, எட்வர்ட் ரூபாய்கள் எல்லாமே இந்தக் கணக்கில் வந்துவிட்டன. ஜார்ஜ் ரூபாய்களும் ஒவ்வோர் ஆண்டாக வந்துகொண்டிருக்கின்றன.

எப்படிப் பாதுகாப்பது?

காற்றுப் புகாத அக்ரிலிக் கேப்சூலில், நாணயத்தின் விட்டத்துக்குச் சரியான அளவில். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்பு வரி போட்டுவிடும். செய்தித்தாள், பழைய மரப்பெட்டி, அந்துருண்டை எல்லாம் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் கேப்சூலைத் திறக்கவே வேண்டாம். எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். ப்ரூஃபின் மேல் பதிந்த கைரேகை சில மாதத்தில் நிரந்தரமாகும், பேசும்போது தெறிக்கும் எச்சிலும் அப்படித்தான்.

விற்கப் படம் எடுக்கும்போது?

ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், பிளாஷ் இல்லாமல். முன், பின், விளிம்பு, தராசில் எடை தெரியும் ஒரு படம், சாலைக்குறியின் நெருக்கப் படம் ஒன்று: ஐந்து போதும். நாணயத்தைச் சற்றுச் சாய்த்து இன்னொன்று எடுத்தால் மினுக்கம் தெரியும், தேய்க்காத நாணயம் என்பதற்கு அதுவே சாட்சி. பெட்டி இருந்தால் சான்று அட்டையோடு சேர்த்து எடுங்கள். கீறல் இருந்தால் அதையும் எடுங்கள். மறைத்தால் பார்சல் திரும்பி வரும், போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில் விழும்.